நீத்துப்பெட்டி இழைப்பதைத் திரையில் காட்டிய அனுபவம்

எமது சனசமூக நிலையத்தில் நடந்த பன்னவேலைப் (பனையோலை இழைக்கும் கைவேலை) பயிற்சியில், ஆச்சி ஒருவர் நீத்துப்பெட்டி இழைப்பதைப் பெரிய தொலைக்காட்சித் திரையில் நேரடியாகக் காட்டும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பிட்டு அவிக்கும் இந்தக் கூம்புப் பெட்டியில் கற்பதற்குக் கடினமான இடம் அதன் அடிமுனை. அங்கே ஓலைகள் எவ்வாறு ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடக்கின்றன என்பதை ஆச்சியை ஒட்டி அமர்ந்திருக்கும் ஓரிருவர் மட்டுமே காண முடியும் என்பதால், திரை உண்மையிலேயே தேவைப்பட்டது.

கமராவை எதிரே வைத்தால் ஆச்சியின் வலக்கை திரையில் இடப்பக்கம் வந்துவிடும். கற்பவர் ஒவ்வோர் அசைவையும் மனத்துள் திருப்பிப் பார்த்த பின்னரே தன் கையால் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே, ஆச்சியின் கண் காண்பதையே திரையும் காட்டும்படி, இடது தோளுக்குப் பின்னாலிருந்து கைத்தொலைபேசியைத் தாங்கியில் பொருத்தினோம். ஆச்சியை மேசை முன் கதிரையில் இருத்தினால் வேலை இலகு என்று சிலர் கூறினர்; நான் உடன்படவில்லை. நிலத்தில் பாய் விரித்து இருந்து இழைத்துப் பழகியவரை உயரத்தில் இருத்தினால் கையின் வேகமும் பிடியும் மாறிவிடும், அந்த மாறிய கையையே பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள். தாங்கியைத்தான் தாழ்த்த வேண்டும்.

அதிக கவனம் கேட்டது வெளிச்சமே. இழைக்கப் பயன்படும் வெளிறிய இளம் பனையோலையான சார்வோலை வெளிர் பாயில் கலந்து மறைந்ததால் கருநீலத் துணியை விரித்தோம். ஆனால் துணியின் இருளைக் கண்ட கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்ட, ஓலை முழுவதும் வெண்மையாகி இழைகள் அழிந்தன. திரையில் ஓலையின் மீதே விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டியபோது அது சரியானது. வளைவதற்காக நனைத்த ஓலை மேல்விளக்கின் கீழ் பளபளக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தினால் ஒவ்வோர் இழையின் விளிம்பிலும் சிறு நிழல் விழுந்து, எது மேலே எது கீழே என்பது தெளிவாகத் தெரியும். படத்தை வைஃபை வழியாக அனுப்பியபோது ஆச்சியின் சொல் முந்தியும் கை பிந்தியும் வந்ததால், வடத்தின் மூலமே இணைத்தோம்.

பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை, "ஆச்சி, அந்த ஓலையைக் கீழாலயோ எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, பார்," என்று ஆச்சி இழைத்ததைப் பிரித்து, அதே இடத்தை மெதுவாக மீண்டும் இழைத்தார்.

மறுமொழி

சுளகு இழைப்பதை நாங்களும் இவ்வாறு காட்டியிருக்கிறோம். திரையில் கரும்பட்டைகள் ஓடினால் மின்குமிழைக் கவனியுங்கள். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி குமிழ்கள் செக்கனுக்கு 100 முறை துடிக்கும். கமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனுக்கு மாற்றினால் பட்டைகள் பெரும்பாலும் மறையும், யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் அந்தத் தொல்லையே இல்லை. திரை இழையின் போக்கைக் காட்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் காட்டாது. அதனால் பாதி இழைத்த சுளகு ஒன்றையும் வரிசையாகக் கைமாற்றி, எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் செய்கிறோம்.