சார்ஜிங் இடத்தை வேறு கார்கள் அடைத்து நிற்கும்போது என்ன செய்வது?

கேள்வி: தொலைவழி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மின்சார கார் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. குடியிருக்கும் இடத்தில் சார்ஜ் ஏற்ற வசதி இல்லாததால் பொதுச் சார்ஜர்களையே முழுக்க நம்பி வண்டி ஓட்டுகிறேன். சென்ற வாரம் ஒருநாள் இரவு, பேட்டரியில் 9 சதவீதம் மட்டும் மிச்சமிருந்த நிலையில், ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சார்ஜர்களைத் தேடிப் போனேன். இரண்டுமே காலியாக இருப்பதாகச் செயலி காட்டியது. நேரில் பார்த்தால் இரண்டு இடங்களிலும் கார்கள் நின்றன. ஒன்று டீசல் கார். ஓட்டி வந்தவர் இப்போதுதான் இறங்கிப் போயிருப்பாரோ, கூப்பிட்டால் வருவாரோ என்று பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிச் சில்லிட்டிருந்தது. மற்றொன்று மின்சார கார்தான், ஆனால் அதில் கேபிள் செருகப்படவே இல்லை.

ஒரு மணி இருபது நிமிடம் காத்திருந்த பிறகு டீசல் காரின் உரிமையாளர் பைகளோடு வந்து, "சார்ஜர் சும்மாதானே கிடந்தது, சார்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அவர் குரலில் வம்பு எதுவும் இல்லை. அவர் கண்ணுக்கு அது வெறும் காலி இடமாகத்தான் தெரிந்திருக்கிறது. என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அடைத்து நிற்கும் வண்டிக்குப் பின்னால் நம் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? அந்த நேரத்தில் உண்மையில் செய்யக்கூடியது என்ன, பிறகு யாரிடம் முறையிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நிழற்சாலை

குறுக்கே நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் செய்தது தவறு என்றாலும், வெளியேறும் வழியை நீங்கள் மறித்த அந்த நிமிடமே புகாருக்கு உரியவர் நீங்கள் என்றாகிவிடும். அவருடைய வண்டியில் வீட்டுக்கு உடனே போக வேண்டிய நோயாளி ஒருவர் இருந்தால் நிலைமை என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில் நான் முதலில் பார்ப்பது கேபிளின் நீளத்தை. வேகச் சார்ஜர்களின் கேபிள் பெரும்பாலும் 4, 5 மீட்டர் இருக்கும் என்பதால், பக்கத்து இடத்தில் நிறுத்தினாலும் பல நேரம் எட்டும். உங்கள் காரில் சார்ஜ் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, நேராக நிறுத்தி எட்டாதது பின்னோக்கி நிறுத்தினால் எட்டிவிடும். என் காரில் துளை இடது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. ஒருமுறை ஒரு சாண் நீளம் போதாமல் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன், வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் கேபிள் தளர்வாகவே வந்து சேர்ந்தது. ஆனால் ஆட்கள் நடக்கும் வழியின் குறுக்கே கேபிளை இழுக்கக் கூடாது, எட்டவில்லை என்பதற்காக வீட்டு எக்ஸ்டென்ஷன் கம்பியை இடையில் கோக்கவும் கூடாது.

அதுவும் முடியாவிட்டால், வண்டியின் எண், அறிவிப்புப் பலகை, சார்ஜரின் மீதுள்ள அடையாள எண் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் விழும்படி புகைப்படம் எடுத்துக்கொண்டு காவலாளியிடம் போய், அந்த எண்ணுள்ள வண்டியின் உரிமையாளரை ஒலிபெருக்கியில் அழைக்கச் சொல்லுங்கள். சார்ஜரின் மேல் ஒட்டியிருக்கும் உதவி எண்ணுக்கும் ஒரு அழைப்பு செய்யுங்கள். அவர்களால் வண்டியை நகர்த்த முடியாது, ஆனால் புகார் பதிவாகும். பொதுச் சார்ஜரை மட்டும் நம்பியிருப்பவர்கள் 9 சதவீதத்தோடு போய்ச் சேரும்படி பயணத்தை அமைப்பது ஆபத்து என்பதையும் அக்கறையோடு சொல்கிறேன். இந்தச் சார்ஜர் கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும் அளவு மிச்சம் எப்போதும் இருக்க வேண்டும்.

பதில் 2: கீழ்த்தளம்

நான் ஒரு அலுவலக வளாகத்தின் பார்க்கிங் நிர்வாகத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தப் புகார் எங்களிடம் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த காலம் உண்டு. அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பெரும்பாலான இடங்களில் சார்ஜர் நுழைவாயிலுக்கோ லிஃப்டுக்கோ பக்கத்தில்தான் வைக்கப்படுகிறது. மின் இணைப்புப் பெட்டி அங்கே இருக்கும், கம்பி இழுக்கும் தூரம் குறையும், செலவும் குறையும். ஆனால் வளாகத்திலேயே எல்லோரும் ஆசைப்படும் இடமும் அதுதான். எங்கள் வளாகத்தில் லிஃப்டை ஒட்டிய இரண்டு சார்ஜர்களை உள்பக்கச் சுவருக்கு மாற்றினோம். காவலாளி ஒருவரைக் கூடுதலாக நிறுத்தியபோது குறையாத தொல்லை, அந்த மாற்றத்தால் குறைந்தது.

இரண்டாவது, பலகையில் எழுதியிருக்கும் சொல். முதலில் நாங்கள் "மின்சார கார் பார்க்கிங்" என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த மின்சார கார்க்காரர்கள் சார்ஜ் ஏற்றாமலே நாள் முழுவதும் நிறுத்தினார்கள். தொலைவழி பார்த்த இரண்டாவது கார் அந்த வகைதான். குற்றம் அவர்களுடையது அல்ல, பலகையை எழுதிய எங்களுடையது. "சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிக்கு மட்டும்" என்று மாற்றி, தரையையும் முழுக்கப் பச்சை அடித்த பிறகுதான் காவலாளியால் தயங்காமல் பேச முடிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில வாகனச் சட்டமும் இந்த நுணுக்கத்தைப் பிடித்திருக்கிறது. சார்ஜ் ஏற்றுவதற்காக இணைக்கப்பட்டிருக்கும் வண்டிக்கு உரிய இடம் என்றே அதில் வருவதால், கேபிள் செருகாத மின்சார காரையும் அது விலக்குகிறது. முறையான பலகை வைத்திருந்தால், விதியை மீறிய வண்டியை இழுத்துச் செல்லவும் இடத்தின் உரிமையாளருக்கு அது அதிகாரம் தருகிறது. அதே நாட்டின் கொலராடோ மாநிலத்திலும் 2019இல் இதற்கென்றே அபராதத்தோடு சட்டம் கொண்டுவந்தார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டால், வளாகத்தின் சொந்த விதிதான் துணை. ஆகவே முறையீடு செல்ல வேண்டியது நிர்வாகத்துக்கு. தேதி, நேரம், படம் மூன்றும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாக வந்த பத்துப் புகார்களால் நடக்காதது, படத்தோடு வந்த ஒரு கடிதத்தால் எங்கள் கூட்டத்தில் நடந்தது.

பதில் 3: சைகைக்கம்பி

சார்ஜர் பொருத்தும் வேலையில் இருப்பவன் என்பதால், செயலி ஏன் "காலி" என்று காட்டியது என்பதை மட்டும் விளக்குகிறேன். சாதாரண ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜரின் கேபிளில், மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகளோடு ஒரு மெல்லிய சைகைக் கம்பியும் இருக்கிறது. எதுவும் செருகாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும்; காரில் செருகியதும் 9 ஆகும்; கார் மின்சாரம் கேட்கும்போது 6 ஆகும். சார்ஜருக்குத் தெரிவது இவ்வளவுதான். செருகாமல் முன்னால் நிற்கும் வண்டியை அது அறியாது. செயலியில் முன்பதிவு செய்தாலும் பூட்டப்படுவது சார்ஜர்தானே தவிர, கீழே இருக்கும் தரை அல்ல. முன்னால் வண்டி நிற்பதை அறிய வேண்டுமானால் தரையில் உணரி பதிக்க வேண்டும், அல்லது கேமரா வேண்டும்.

ஆனால் சார்ஜ் முடிந்தும் செருகியபடியே நிற்கும் காரைச் சார்ஜர் நன்றாக அறியும். அதனால் அந்த வகைத் தொல்லைக்குக் கட்டணம் விதிக்க முடியும். டெஸ்லா தன் வேகச் சார்ஜர்களில் 2016 டிசம்பரில் இதைத்தான் கொண்டுவந்தது. அப்போதைய விதிப்படி, சார்ஜ் முடிந்து 5 நிமிடத்துக்குள் நகர்த்திவிட்டால் கட்டணம் இல்லை, நகர்த்தாவிட்டால் நிமிடக் கணக்கில் கட்டணம்.

நாமும் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 40 யூனிட் பேட்டரியை 9இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 28 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 7.4 கிலோவாட் சார்ஜரில் அதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்; 50 கிலோவாட் வேகச் சார்ஜரில் பெரும்பாலும் 40 நிமிடத்தில் முடியும். ஆனால் வேகச் சார்ஜரில் 80ஐத் தாண்டியதும் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் ஒருவர் காத்திருக்க, கடைசி 20 சதவீதத்துக்காக அங்கே நிற்பதும் இடத்தை அடைப்பதுதான். நான் டாஷ்போர்டின் மேல் என் கைபேசி எண்ணையும், எத்தனை மணிக்கு எடுப்பேன் என்பதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். மற்றவர் காரிலிருந்து பிளக்கை நாமே பிடுங்க முயல வேண்டாம். பல கார்களில் உரிமையாளர் திறக்கும்வரை அது பூட்டியே இருக்கும். சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை அதற்காக அழுத்தவே கூடாது. அழுத்தினால் ஆள் வந்து சரிசெய்யும்வரை அந்தச் சார்ஜர் யாருக்கும் உதவாமல் போகலாம்.

பதில் 4: பழையவண்டி

நான் பெட்ரோல் கார் ஓட்டுபவன். ஒருமுறை மழையில், வேறு இடமே இல்லாமல், சார்ஜர் முன் நிறுத்தியிருக்கிறேன். மின்சார கார் வந்தால் வேறு எங்காவது ஏற்றிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். 9 சதவீதத்தோடு ஒருவர் அங்கே நிற்கக்கூடும் என்பது இதைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. பெட்ரோல் பங்க்கில் பம்பின் முன்னால் வண்டியைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போக யாருக்கும் மனம் வராது. பலகையில் அந்த ஒப்பீட்டையே எழுதினால் என் போன்றவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

தொலைவழி

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கீழ்த்தளம் ஐயா சொன்னபடி மூன்று நாள் எடுத்த படங்களோடு வளாக நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தேன். பலகையை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். சார்ஜரை இடம் மாற்றுவது இப்போதைக்கு முடியாது என்று எழுதியே தந்துவிட்டார்கள். 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

டாஷ்போர்டில் எண் எழுதி வைக்கும் யோசனையை நேற்றே செய்து பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு அம்மா அழைத்தார். கீழே இறங்கிப் போனபோது என் கார் 64இல் இருந்தது, அவருடையது 6இல். கேபிளைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.