தேரிக்காட்டுல ஒரு நாள்: எங்க ஏறிப் பாக்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம்?

பாளை_கிழக்கு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையில இருந்து கார்ல கிளம்பி, திருச்செந்தூர் பக்கத்துல இருக்குற தேரிய, அதான் அந்தச் செம்மணல் மேட்டுக் காட்டப் பாத்துட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்பணும். பெரியவங்க ரெண்டு பேரு, பத்து வயசுலயும் ஏழு வயசுலயும் பிள்ளைக, முழங்கால் வலி உள்ள அம்மா, ஆக மொத்தம் அஞ்சு பேரு. தெரிய வேண்டியது இதுதான்: நல்லா விரிஞ்சு தெரியுற மேடு எது? காலையா சாயங்காலமா? சாதாரண காரு எதுவரைக்கும் போவும்? காலுக்கு என்ன போடணும்? அம்மாவால நடக்காம எதைப் பாக்க முடியும்? வெளிநாட்டுப் படத்துல வர்ற செம்பாறைப் பாலைவனம் மாதிரி இருக்கும்னு பிள்ளைக நெனச்சிட்டு இருக்கு, அப்படித்தானா?

தேரிமேட்டான்:

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுதேன். நம்ம தேரியில பாறை கிடையாது, எல்லாம் மணலு. ராஜஸ்தான் படத்துல வர்ற மாதிரி கத்தி முனை முகடும் எல்லா இடத்துலயும் இருக்காது. ஏறி இறங்கிக் கெடக்குற செவப்பு நெலம், நடுவுல பனை, முள்ளு உள்ள உடைமரம், கொல்லாமரம் (முந்திரி), அங்கங்க மழைத்தண்ணி அறுத்த ஓடை. இதச் சொல்லிக் கூட்டிட்டுப் போனா பிள்ளைக ஏமாறாது.

முதல் தடவை போறவங்களுக்கு தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில்தான் சரி. திருச்செந்தூர்ல இருந்து காயாமொழி வழியா கோயில் வாசல் வரைக்கும் ரோடு. கோயிலுக்குப் பின்னாலயே தேரி ஏறுது. கள்ளர் வெட்டுங்கிற கோயில் திருவிழா நடக்குறதும் அந்த மண்ணுலதான். பின்பக்கத்து மேட்டுல ஏறி நின்னாலே செவப்பு விரிப்பு பூரா தெரியும். அதுக்கு மேல உள்ள போறதுக்குக் கிலோமீட்டர் கணக்கு வெச்சுக்காதீங்க, கடிகாரக் கணக்கு வைங்க. தார் ரோட்டுல கால் மணி நேரத்துல முடியுற தூரம், இளகுன மணல்ல அரை மணி நேரம் இழுக்கும். பிள்ளைகளோட போனா இருபது நிமிஷம் உள்ள, இருபது நிமிஷம் வெளிய, அவ்வளவுதான். இருபது நிமிஷம் முடிஞ்ச எடம் எதுவானாலும் அங்கனயே திரும்பிடுங்க. "அந்த அடுத்த மேடு வரைக்கும்"னு ஒருத்தர் சொல்லுவாரு. அடுத்த மேட்டுல இருந்து பாத்தாலும் இதே மாதிரி இன்னொரு மேடுதான் தெரியும்.

நேரம்: என் ஓட்டு காலைக்கு. ஜனவரி கடைசியில சூரியன் 6.35 ஒட்டி உதிக்கும். 6.15க்கு கோயில்கிட்ட வண்டிய நிறுத்துனா ஏழே முக்கால் வரைக்கும் சாஞ்ச வெயில் கெடைக்கும். நெழல் நீளமா விழுந்தாத்தான் மேடு பள்ளம் கண்ணுக்குப் பிடிபடும். பத்து மணிக்கு மேல எல்லாம் ஒரே தட்டையா, வெளுத்த செங்கல் பொடி நெறத்துக்குப் போயிரும். படம் எடுத்தாலும் ஒண்ணும் நிக்காது. முந்தின நாள் ஒரு தூறல் விழுந்திருந்தா அதிர்ஷ்டம். நனைஞ்ச தேரி கருஞ்செவப்பா இருக்கும், மணலும் இறுகி நடக்க லேசா இருக்கும். மழை கழுவின காலையில மேற்க பாத்தா மேற்குத் தொடர்ச்சி மலை நீலமா ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும்.

தைப்பூசம் எப்ப வருதுன்னு பஞ்சாங்கத்தப் பாத்துட்டு நாள் குறிங்க. அந்த வாரம் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் ரோடு பூரா பாதயாத்திரைக் கூட்டம். இருட்டுல வண்டி ஓட்ட லாயக்கில்ல.

கருக்குமட்டை:

காரு பத்திச் சொல்லுதேன். தார் எங்க முடியுதோ அங்கயே நிறுத்துங்க. ஜீப்புத் தடம் தெரியுதேன்னு உள்ள விட்டீங்கன்னா, முன்சக்கர இழுவை உள்ள சின்னக் காரு முப்பது அடியில புதைஞ்சிரும். புதைஞ்சதும் எல்லாரும் செய்யுற தப்பு ஆக்சிலேட்டர மிதிக்கிறது. மிதிக்க மிதிக்க சக்கரம் குழி தோண்டி, கடைசியில வண்டி வயிறு மணல்ல உக்காந்துரும். அப்புறம் டிராக்டர்தான்.

சக்கரம் சுத்துறது தெரிஞ்ச உடனே நிறுத்துங்க. எல்லாரும் இறங்குங்க. சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் மணல கையால வாரி சரிவா ஆக்கணும். டயர்ல காத்தை 18 பிஎஸ்ஐ வரைக்கும் எறக்குனா டயர் பரந்து மணல்மேல நிக்கும். அப்புறம் வந்த தடத்துலயே ரிவர்ஸ்ல மெதுவா எடுங்க, புதுசா வழி தேடாதீங்க. தார் ஏறுன உடனே காத்து பிடிச்சிரணும். எறங்குன காத்தோட வேகமா ஓட்டினா டயர் சூடாகிப் பிய்ஞ்சிரும். அதனால டயர் பம்பு ஒண்ணு டிக்கியில கெடக்கட்டும்.

சக்கரத்துக்கு அடியில போட தரை மிதியடி போதும். பனை ஓலையப் போடலாம், ஆனா மட்டையோட சேத்துப் போட்டுராதீங்க. மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும், டயர் பக்கவாட்டையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

காலுக்கு: ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். அடிக்கு அடி மணல வாரி பின்னங்கால்ல எறியும். அதவிட மோசம் உடைமுள். வெள்ளையா, ஊசி மாதிரி, ரெண்டு இஞ்சுக்கு நீளமா இருக்கும். மெல்லிசு அடி உள்ள செருப்பக் குத்திட்டு நேரா பாதத்துக்கு வந்துரும். கெட்டி அடி வெச்ச கேன்வாஸ் ஷூ, கணுக்காலுக்கு மேல வர்ற சாக்ஸ், சாக்ஸுக்குள்ள பேன்ட்ட விட்டுக்கிடுங்க. கோயில் எல்லையில ஷூவக் கழட்டணும், அதனால கயிறு லேசா அவுக்குற மாதிரி கட்டுங்க. வெள்ளைத் துணி போடாதீங்க. தேரி மண்ணோட பொடி நனைஞ்ச துணியில ஏறுனா கறை போகாது. மண்ணு ஒட்டுன துணிய காய வெச்சு நல்லா உதறிட்டு அப்புறம் தண்ணியில போடணும். மாத்திப் போட்டா பக்கெட்டுல கெடக்குற எல்லாத் துணியும் காவி கட்டிரும்.

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர். ஜனவரிதானேன்னு கொறைக்காதீங்க. உள்ள கடையும் கெடையாது, குழாயும் கெடையாது. போனயும் கேமராவயும் ஜிப் வெச்ச பிளாஸ்டிக் பையில போடுங்க. சார்ஜ் போடுற ஓட்டையில மணல் போயிட்டா ஊதாதீங்க, இன்னும் உள்ள போவும். கவுத்துப் பிடிச்சு தட்டுங்க.

சுனைக்கரை:

தேரிமேட்டான் அண்ணாச்சி சொன்ன இடம் சரிதான், ஆனா அம்மாவுக்கு அது தோதுப்படாது. மணல் ஏத்தத்துல முழங்காலுக்கு எறங்குறதுதான் கஷ்டம். அவங்களுக்கு மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். கோயில ஒட்டி சுனை, சுத்தி மரச்சோலை, பத்தடி தள்ளி செம்மண் தேரி. நெழல்ல உக்காந்துக்கிட்டே மூணையும் பாக்கலாம். இவ்வளவு வறண்ட மண்ணுல சுனை எப்படின்னு பிள்ளைக கேக்கும். மழைத்தண்ணி தேரியில பெரும்பாலும் ஓடாது, அப்படியே உள்ள எறங்கும். எறங்குன தண்ணி பள்ளமான எடத்துல ஊத்தா வெளிய வருது. ஐப்பசி கார்த்திகையில மழை நல்லாப் பெஞ்சிருந்தா சாத்தான்குளம் பக்கம் தருவைகள்லயும் (மழைத்தண்ணி தேங்குற ஆழமில்லாத ஏரி) ஜனவரியில தண்ணி கெடக்கும். பறவை பாக்குறவங்களுக்கு அது தனி வேலை, ஒரே நாள்ல ரெண்டையும் சேக்காதீங்க.

பங்குனி உத்திரத்தன்னிக்கு மட்டும் ரெண்டு அய்யனார் கோயில் பக்கமும் சுத்திப் பாக்குறேன்னு வந்துராதீங்க. சாஸ்தாவக் கும்பிட வர்ற குடும்பங்களுக்கே வண்டி நிறுத்த எடம் இருக்காது. கள்ளர் வெட்டு டிசம்பர் நடுவுல, அதுவும் இதே கதைதான்.

சாயங்காலத்துக்கு மணப்பாடு போங்க. திருச்செந்தூர்ல இருந்து குலசேகரன்பட்டினம் தாண்டி தெக்க. மேட்டு மேல திருச்சிலுவை ஆலயம் வரைக்கும் ஏறிட்டா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கருமேனியாறு கடல்ல சேருற கழிமுகம், நடுவுல மணல்திட்டு. ஏத்தம் கொஞ்சம்தான், அம்மா மெதுவா வந்துரலாம். 6.20 ஒட்டி சூரியன் மறையும், அஞ்சரைக்கே மேல இருங்க. காலையில பாத்த செவப்பு மணலுக்கும் இங்க கெடக்குற வெளுத்த மணலுக்கும் நடுவுல தூரம் கொஞ்சம்தான். ஒரே நாள்ல ரெண்டையும் பாத்தாத்தான் தேரியோட அருமை தெரியும். காலையில தேரியப் பாக்காம மத்தியானம் கிளம்பி வர்றவங்களுக்கு ரெண்டும் கெடைக்காது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

ஒரு சிறு திருத்தம். தேரியைப் பாலைவனம் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பாலைவனம் என்றால் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை. இங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். தேரி வறண்டு தெரிவதற்குக் காரணம் மழைக்குறைவு மட்டுமில்லை; மேலே சொன்னபடி மணல் தண்ணீரை மேலே நிறுத்துவதில்லை.

நிறத்துக்குக் காரணம் இரும்பு. ஒவ்வொரு குவார்ட்ஸ் (படிகக்கல்) மணல்மணிமீதும் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. மணல் நெடுங்காலம் நகராமல் கிடந்து, மாறிமாறி நனைந்து காய்ந்தால்தான் இந்தத் தோல் உருவாகும். மணப்பாட்டுக் கரைமணல் புதியது, அலை அதைத் தினமும் தேய்க்கிறது, அதனால் வெளுப்பு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்குவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று வெளியே கிடந்த கடலடி மணலையும், மேற்கே ஆற்றுப்படுகைகளிலிருந்தும் செம்மண் நிலங்களிலிருந்தும் வந்த பொடியையும் காற்று குவித்ததில் தேரிகள் வளர்ந்தன என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் இழுக்கச் சொல்லுங்கள். கரிய மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட், இல்மனைட் போன்ற கனிமங்கள். பையைக் கழற்றினால் மணிகள் உதிர்ந்துவிடும். பை இல்லாமல் இழுத்தால் காந்தத்தைச் சுத்தம் செய்வதற்குள் பொழுது போய்விடும்.

ஓடை அறுத்த இடங்களில் விரல்நகம் அளவு குவார்ட்ஸ், செர்ட் (கெட்டியான ஒரு வகைக் கல்) சில்லுகள் கிடந்தால் எடுக்காதீர்கள். அவை நுண்கற்கருவிகளாக, அதாவது கற்கால மனிதர் செய்த சிறு கல் கருவிகளாக இருக்கலாம். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி வட்டாரத் தேரிகளில் கிடைத்தவற்றை ஸாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். கிடந்த இடமும் கிடந்த மண்ணடுக்கும்தான் அந்தச் சில்லின் காலத்தைச் சொல்லும். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

பாளை_கிழக்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலை தேரிக்குடியிருப்பு, பகல் அருஞ்சுனை, சாயங்காலம் மணப்பாடுன்னு வெச்சுக்கிட்டோம். இன்னும் ரெண்டு சந்தேகம். உள்ள வழி தப்பிட்டா என்ன செய்ய? பாம்பு உண்டா?

தேரிமேட்டான்:

வழி தப்புறதுக்குக் காரணம் எல்லாப் பனையும் ஒண்ணு போல இருக்குறதுதான். இறங்குற எடத்துல போன் மேப்ல ஒரு குறி போட்டு, மேப்ப முன்கூட்டியே இறக்கி வெச்சுக்கிடுங்க. உள்ள சிக்னல நம்ப முடியாது. நடக்க ஆரம்பிக்கும்போது வெயில் முதுகுலயா முகத்துலயான்னு பாத்துக்கிட்டா, திரும்பும்போது அதுக்கு நேர் எதிரா இருக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னு திரும்பி, வந்த பக்கம் எப்படித் தெரியுதுன்னு பாருங்க. போறப்ப பாக்குற தேரியும் வர்றப்ப பாக்குற தேரியும் வேற வேற. கால்தடத்த நம்பலாம், ஆனா ஜனவரியில மட்டும். ஆடிக்காத்துல கொஞ்ச நேரத்துலயே அழிஞ்சிரும். தப்பிட்டோம்னு தெரிஞ்சா குறுக்க வெட்டாதீங்க. ஒரு வண்டித்தடத்தப் பிடிச்சு அதுலயே நடந்தா எங்கயாவது ஒரு ஊரு வரும்.

பிள்ளைக ஓடைக்கரை ஓரத்துல நிக்கக் கூடாது. ஆளுயரத்துக்கு செங்குத்தா நிக்கும், பாக்க செவுரு மாதிரி கெட்டியாத் தெரியும். அடியில தண்ணி அரிச்சிருக்கும், மேல பாரம் விழுந்தா அப்படியே சரியும். மழை பெஞ்ச மறுநாள் இன்னும் மோசம். படம் எடுக்க எல்லாரும் தேடிப் போற எடமும் அதுதான். கரையில இருந்து ரெண்டு ஆள் நீளம் தள்ளி நில்லுங்க. ஓடைக்குள்ள இறங்கி செவுத்துல சாஞ்சு உக்காரவும் கூடாது.

பாதி எடம் வனத்துறை காடு, மீதி பட்டா. கொல்லாந்தோப்புக்குள்ள நுழையாதீங்க, அது ஒருத்தரோட வெள்ளாமை. தீ மூட்டக் கூடாது. டிரோன் கொண்டு வராதீங்க, குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளம் வேலை நடக்குற வட்டாரம் இது.

கருக்குமட்டை:

பாம்பு உண்டு. பயப்பட வேண்டியது சுருட்டை விரியனுக்கு. ஒரு முழம்தான் இருக்கும், மண் நெறம், புதருக்கு அடியில மணல்ல பாதி புதைஞ்சு கெடக்கும். பொழுது சாஞ்சப்புறம்தான் அதிகம் நடமாட்டம், அதனாலதான் சாயங்காலம் தேரி வேண்டாம்னு நானும் சொல்லுதேன். உடைமரத்து நெழல்ல உக்காருறதுக்கு முன்ன குச்சியால தட்டிப் பாருங்க, கழட்டுன ஷூவக் கவுத்து உதறிட்டுப் போடுங்க.

கடிச்சிட்டா கயிறு போட்டு இறுக்காதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கால அசைக்காம ஒரு குச்சிய வெச்சு துணியால லேசாக் கட்டி, கடிச்ச நேரத்தக் குறிச்சு வெச்சுக்கிட்டு 108 கூப்பிடுங்க. சிக்னல் இல்லன்னா ஆளத் தூக்கிட்டு ரோட்டுக்கு வாங்க, நடக்க விடாதீங்க. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இருக்கும். பாம்ப அடிச்சுக் கொண்டுபோணும்னு நேரத்தக் கடத்தாதீங்க. கொண்டு போற வழியில அது இன்னொருத்தரக் கடிச்சாலும் கடிக்கும்.