பூர்வகுடி என்று ஒருவரை உறுதிசெய்யும் உரிமை யாருக்கு?

கேள்வி: மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியை

எங்கள் கல்லூரியின் வாசிப்பு வட்டத்தில் ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரைப் பற்றிய விவாதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிட்னியிலும் மெல்போர்னிலும் உறவினர்கள் உள்ள மாணவர்கள் எழுப்பிய ஒரு கேள்வியை இங்கே அப்படியே வைக்கிறேன். நகரத்தில் பிறந்து, ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த, வெளுத்த நிறமுடைய ஒருவர், தம் தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் மட்டுமே பூர்வகுடியாக இருந்த நிலையிலும், தம்மைப் பூர்வகுடி என்று எந்த அடிப்படையில் சொல்லிக்கொள்கிறார்? இரத்தமா, பண்பாடா, அல்லது அவருடைய சொல்லே போதுமா?

2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6,49,171 பேர் தம்மைப் பூர்வகுடியினர் அல்லது டோரஸ் நீரிணைத் தீவினர் என்று பதிவுசெய்தார்கள். 2021இல் அந்த எண்ணிக்கை 8,12,728 ஆயிற்று. ஐந்தாண்டுகளில் ஏற்பட்ட 25 விழுக்காடு உயர்வைப் பிறப்புகளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. சலுகைக்காகவே பலர் இப்படிப் பதிகிறார்கள் என்று மாணவர்களில் ஒரு சாரார் சொல்ல, மரபணுப் பரிசோதனை செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார்கள் மற்றவர்கள். தமிழரும் ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரும் ஒரே மரபினர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் சிலர் எடுத்து வந்தார்கள். விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் 1: கும்பகோணத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்

அம்மா, சட்டம் சொல்வதை முதலில் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் 1980களிலிருந்து அரசு நடைமுறையிலும், பூர்வகுடியினரின் நில உரிமையை ஏற்று 1992இல் வந்த மாபோ தீர்ப்பிலும் ஏற்கப்பட்டுள்ள அளவுகோலில் மூன்று கூறுகள் உள்ளன. அவர் பூர்வகுடி வம்சாவளியில் வந்தவராக இருக்க வேண்டும். தம்மைப் பூர்வகுடி என்று அவரே கருத வேண்டும். அந்தச் சமூகமும் அவரைத் தம்மவர் என்று ஏற்க வேண்டும். ஆகவே ஒருவருடைய சொல் மட்டும் போதும் என்பது சட்டத்தின் நிலை அன்று. கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதுவது ஒன்று, சமூகம் ஏற்பது வேறொன்று. உங்கள் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

இந்த மூன்றில் எதிலும் எத்தனை பங்கு இரத்தம் என்ற கேள்வியே இல்லை என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். பங்கு போட்டுப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கியது பூர்வகுடியினர் அல்லர், அவர்களை ஆண்ட அரசு. 1901இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 127ஆம் பிரிவு பூர்வகுடியினரை நாட்டின் மக்கள்தொகையில் சேர்த்து எண்ணக் கூடாது என்றது. கலப்பில் பிறந்தவரை எப்படி எண்ணுவது என்ற சிக்கல் எழுந்தபோது, பாதி என்பதை எல்லையாக வைத்து அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். 1937இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் மாநாடு, கலப்பில் பிறந்தவர்களை வெள்ளையர் சமூகத்துக்குள் கரைத்துவிடுவதே இலக்கு என்று தீர்மானித்தது. 127ஆம் பிரிவை நீக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுப் பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அந்த நீக்கத்தை ஆதரித்தார்கள்.

ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். இதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1997இல் வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு குழந்தையின் பேரன் இன்று நகரத்தில் வளர்ந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிறான் என்றால், அது அவன் குடும்பம் விரும்பித் தேர்ந்த வாழ்க்கை அன்று. மொழியையும் உறவையும் அறுத்த அரசே பின்னாளில் மொழியும் உறவும் எங்கே என்று கேட்பதில் நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

2020 பிப்ரவரியில் வந்த லவ், தோம்ஸ் வழக்குகளின் தீர்ப்பையும் மாணவர்கள் படிக்கட்டும். ஒருவர் பப்புவா நியூ கினியிலும் மற்றவர் நியூசிலாந்திலும் பிறந்தவர்; இருவருக்கும் ஆஸ்திரேலியக் குடியுரிமை இல்லை; குற்றத் தண்டனை பெற்றதால் நாடுகடத்தப்பட இருந்தார்கள். மாபோ அளவுகோலின்படி பூர்வகுடியாக உள்ள ஒருவர் அந்த மண்ணுக்கு அந்நியர் ஆக முடியாது என்று, அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் முடிவுசெய்தது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதிலிருந்தே விவாதம் இன்னும் ஓயவில்லை என்று தெரிகிறது.

பதில் 2: திருவாரூரிலிருந்து ஓர் உயிரியல் ஆய்வு மாணவர்

மரபணுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மரபணுக் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மைதான். ஆனால் 2016இல் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோம்களைப் பூர்வகுடி ஆண்களிடமிருந்து எடுத்து முழுமையாக வாசித்த வேறொரு ஆய்வு அதற்கு ஆதரவு தரவில்லை. இரு பகுதி மக்களின் தந்தைவழிக் கிளைகளும் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்றே அது கண்டது. மதுரை வட்டாரத்தில் கண்டறியப்பட்ட எம்130 என்ற மரபணுக் குறியீடு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய மிகப் பழைய இடப்பெயர்வின் தடயம். அதைக் கொண்டு இரு மக்களையும் ஒரே இனம் என்று சொல்வது, தொலைதூர மூதாதை ஒருவரைப் பகிர்ந்துகொள்வதையும் ஒரே சமூகமாக வாழ்வதையும் குழப்பிக்கொள்வதாகும்.

பரிசோதனை செய்துவிட்டால் தீர்ந்தது என்ற கருத்தும் ஆஸ்திரேலியாவுக்குப் புதிதன்று. 2019இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒன் நேஷன் கட்சி இதையே வாக்குறுதியாக முன்வைத்தது. ஒரு தலைமுறை கடக்கும்போது எந்த மூதாதையின் மரபணு எவ்வளவு வந்து சேரும் என்பது தற்செயலானது. உடன்பிறந்த இருவருக்கே அளவு வேறுபடும்போது, அண்ணனைப் பூர்வகுடி என்றும் தம்பியை அல்ல என்றும் எழுதும் ஆய்வுக்கூடத்தை எந்தக் குடும்பம் ஏற்கும்?

பதில் 3: தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்

முந்தைய பதில்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் போலி உரிமைகோரல் என்ற கவலையை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் அரசு, பூர்வகுடி என்று ஏற்பதற்கான ஆவண நிபந்தனையை 2016இல் தளர்த்தியபோது அதை உரக்க எதிர்த்தவர்களில் அங்குள்ள பூர்வகுடி அமைப்பினரே முன்னின்றார்கள். 1876இல் ட்ருகனினி என்ற பூர்வகுடிப் பெண் இறந்ததோடு டாஸ்மேனியப் பூர்வகுடியே அழிந்துவிட்டது என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. அது பொய் என்று நிறுவுவதற்கே தீவுகளில் வாழ்ந்த வழித்தோன்றல்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். அப்படிப் போராடி மீட்ட பெயரை வேர் இல்லாத ஒருவர் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு வலிக்காதா? ஐயம் எழுப்புவோர் எல்லாரும் வெறுப்பாளர் அல்லர்.

நம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுவதை எண்ணிப் பாருங்கள். மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருப்பவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஊரிலேயே வீடு வாங்கிக் குடியேறியவரின் பெயர் இருக்காது. யார் மகன், எந்த வீடு என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதே சான்று. ஏற்பவர் ஊராராக இருக்கும்வரை இந்த முறை நிற்கும்.

பதில் 4: நாகப்பட்டினத்திலிருந்து, குழந்தைகள் கல்விப் பணியில் இருப்பவர்

ஐயா சொன்ன ஊரார் என்ற இடத்தில்தான் எனக்கு வருத்தம். நான் பூம்பூம் மாட்டுக்காரர் குடும்பங்களின் பிள்ளைகளோடு பணியாற்றுகிறேன். தாங்கள் ஆதியன் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர்கள் என்பது அவர்கள் கூற்று. ஊர் ஊராகச் சுற்றியவர்களைத் தலைக்கட்டாக எழுதிக்கொண்ட ஊர் எது? தந்தைக்குப் பழங்குடிச் சான்று இல்லாததால் மகனுக்கும் இல்லை; பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மேலே படிக்க வழியின்றி நிற்கிறது. விசாரணைக்கு வந்த அலுவலர் ஒருவர் வீட்டில் மாடு இருக்கிறதா, உறுமி இருக்கிறதா என்று கேட்டதை நான் அருகில் இருந்து கேட்டேன். மாட்டை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று இத்தனை ஆண்டுகள் சொன்னவர்கள் நாம். அதைக் கேட்டு நடந்த குடும்பம் அந்தக் காரணத்துக்காகவே அடையாளத்தை இழக்க வேண்டுமா?

இங்கே பழங்குடியைத் தீர்மானிக்க 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்களில் தொன்மையான பண்புகள், பிற சமூகத்தாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை என்பவையும் உண்டு. கூச்சப்படாமல் எழுந்து தன் உரிமையைக் கேட்கும் ஒரு பெண் அந்த அளவுகோலுக்குள் எப்படி அடங்குவாள்? நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. அதற்குள் எத்தனை தலைமுறைகள் படிப்பின்றிப் போயின! ஆசிரியர் அம்மா, உங்கள் மாணவர்கள் ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேசும் அதே நாளில் இதையும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்

கட்டாயம் பேசுவோம். பண்பாட்டு அடையாளங்கள் மறைந்துவிட்டன என்ற காரணத்துக்காகச் சான்றை மறுப்பதை நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றனவா என்று வழக்கறிஞர் ஐயா சொல்ல முடியுமா?

பதில் 5: கும்பகோணம் வழக்கறிஞர்

1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாதிச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஆய்வுக் குழுக்களை அமைக்கச் சொல்லி, சடங்கு, தெய்வ வழிபாடு, திருமண முறை, ஈமச்சடங்கு போன்றவற்றை விசாரிக்கும் நடைமுறையை வகுத்தது. 2011இல் ஆனந்த் என்பவரின் வழக்கில், இடப்பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் பழைய பண்புகள் ஒருவரிடம் காணப்படாமல் போகலாம் என்று ஏற்றது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு, பண்பாட்டுச் சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாகவே கூறியது. ஆகவே மாடு இல்லை என்பதை மட்டும் காரணமாக எழுதி மறுக்கும் ஆணையை எதிர்த்து வழக்காட இடம் உண்டு.

ஆனால் அதே தீர்ப்புகள் அரசியலமைப்புக்கு முற்பட்ட ஆவணங்களுக்கே மிகுந்த மதிப்பு அளிக்கின்றன. 1950க்கு முன் பள்ளிப் பதிவேட்டிலோ நிலப் பதிவேட்டிலோ பெயர் இருந்த குடும்பங்களுக்கு அது துணை செய்யும். நிலமும் பள்ளியும் இல்லாமல் அலைந்த குடும்பங்களுக்கு உறவினரின் வாய்மொழியும் குல வழக்கங்களுமே எஞ்சிய சான்று. அவற்றையும் அதிகாரி தள்ளிவிட்டால் கையில் எதுவும் இல்லை. நாகப்பட்டினத்து அம்மையார் அந்தக் குடும்பங்களில் சான்று பெற்ற இரத்த உறவினர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் தேடி, உறவுமுறையை வம்சாவளி அட்டவணையாக எழுதி, கோட்டாட்சியரிடம் மனுவோடு இணைக்கட்டும். மறுப்பு வந்தால் எழுத்து மூலமான ஆணையைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம். மனு எழுத நான் உதவுகிறேன்.