புளோரிடா ஊற்றுகளில் ஸ்கூபா: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அட்லாண்டா தம்பி:
காற்று சிலிண்டரோடு முங்கும் ஸ்கூபாவுக்கான முதல் நிலைச் சான்றான ஓப்பன் வாட்டர் கார்டைப் புதுச்சேரியில் எடுத்தேன். அப்புறம் அந்தமான். இதுவரை முங்கியதெல்லாம் கடலில்தான். இப்போது வேலை அட்லாண்டாவில். மார்ச் மாதம் நண்பனோடு காரில் வடக்கு புளோரிடா ஊற்றுகளுக்குப் போகத் திட்டம். பட்டியலில் இருப்பவை ஜின்னி ஸ்பிரிங்ஸ், டெவில்ஸ் டென், முடிந்தால் ட்ராய் ஸ்பிரிங். கட்டணம், தங்குமிடம் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். தண்ணீருக்குள் உங்களுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

நீர்க்காகம்:
கடலில் பழகியவர் என்பதால் எடையிலிருந்து தொடங்குகிறேன் தம்பி. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது, அதனால் கடலில் மூழ்கத்தான் அதிக எடை தேவை. நீங்களும் உங்கள் சாமான்களும் சேர்ந்து 100 கிலோ என்றால், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடை பெல்ட்டிலிருந்து இரண்டரை கிலோ வரை கழற்றிவிடலாம். எங்களோடு வந்த ஒருவர் முந்தைய வாரம் கீ லார்கோ கடலில் போட்ட அதே எடையோடு ஜின்னியில் இறங்கினார். அம்மிக்கல் மாதிரி நேரே தரைக்குப் போய், அங்கிருந்த மணலையும் கிளப்பிவிட்டார். பின்னால் வந்த எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் எடையைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

குளிரும் உண்டு. அங்கே தண்ணீர் வருடம் முழுக்க 22 டிகிரி. நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால் வெயில் காலம், பனிக்காலம் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. கேட்பதற்கு இதமாக இருக்கும். அந்தமானின் 28 டிகிரியில் பழகிய உடம்புக்கு இரண்டாவது டைவிலேயே பல் தந்தியடிக்கும். குளிர் தாங்கும் 5 மி.மீ. வெட்சூட் உடையும் தலைக்கு ஹூடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாம்பா அக்கா:
ஜின்னியில் டார்ச் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பார்கள். கார்டைப் பார்த்துவிட்டு, "லைட் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். என் கணவர் பிசிடி என்ற மிதவைச் சட்டையின் பையில் எப்போதும் சின்ன டார்ச் ஒன்று வைத்திருப்பார். டெவில்ஸ் ஐ, டெவில்ஸ் இயர் என்ற குகைத் துளைகள் இருக்கும் பக்கம் அதைக் கொண்டுபோக முடியாது என்றார்கள். அவருக்குக் கோபம். வெளிச்சம் இருந்தால் பாதுகாப்புதானே என்று காருக்குத் திரும்பும் வழியெல்லாம் புலம்பினார்.

உள்ளே இறங்கியதும் வாயை மூடிக்கொண்டார். அந்தத் துளைகளின் வாயில் நின்றால் குகை உள்ளே நீண்டுகொண்டே போவது தெரியும். கையில் டார்ச் இருந்தால் இன்னும் பத்தடி போய்ப் பார்க்கலாமே என்று மனசு சொல்லும். குகைப் பயிற்சி இல்லாதவர்கள் அப்படித்தான் உள்ளே போய்ச் சிக்குகிறார்கள். தலைக்கு மேலே பாறை, நேரே மேலே வர வழியில்லை, ஒருமுறை காலில் மாட்டிய ஃபின் பட்டாலே தரையில் இருக்கும் வண்டல் கிளம்பி வந்த வழி மறைந்துவிடும். லைட் இல்லாவிட்டால் இருட்டு தொடங்கும் இடத்திலேயே கால் தானாக நின்றுவிடும். இவ்வளவு எளிய விதி இவ்வளவு நன்றாக வேலை செய்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஜின்னி ஊற்றுக்குள்ளேயே 'பால்ரூம்' என்றொரு பெரிய அறை இருக்கிறது. அங்கே மட்டும் நம் மாதிரி ஆட்களும் டார்ச் கொண்டுபோகலாம், ஏனென்றால் குகைக்குள் போகும் வாயை இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். சுமார் 50 அடி ஆழத்தில் அந்தக் கம்பியைப் பிடித்து நின்றுபாருங்கள். உள்ளிருந்து வரும் தண்ணீர் முகத்தில் அடிக்கும் வேகத்தில் மாஸ்க் நடுங்கும்.

ராமநாதபுரத்தான்:
அக்கா சொன்னது சரி. தம்பி கேட்ட மார்ச் மாதத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீர். ட்ராய் ஸ்பிரிங் சுவானி ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆறு ஜார்ஜியாவின் ஓக்கிஃபினோக்கி சதுப்பு நிலத்தில் பிறந்து, இலைச்சாறு ஊறிய பழுப்பு நிறத்தோடு வருகிறது. மேலே நல்ல மழை பெய்து ஆறு ஏறினால் அந்தத் தண்ணீர் ஊற்றுக்குள்ளும் புகுந்துவிடும். நாங்கள் போனபோது அப்படித்தான். 70 அடி ஆழமுள்ள ஊற்றில் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. உள்நாட்டுப் போர் நடந்தபோது 1863இல் வேண்டுமென்றே மூழ்கடித்த மேடிசன் என்ற நீராவிக் கப்பலின் மிச்சம் அங்கே கிடக்கிறது, அதைப் பார்க்கத்தான் போயிருந்தோம். டேங்கைக் கூட இறக்கவில்லை. கிளம்பும் முன் ஆற்றின் நீர்மட்டத்தை இணையத்தில் பாருங்கள். உங்கள் கார்டுக்கு 60 அடிதான் எல்லை என்பதையும் ட்ராயில் நினைவில் வையுங்கள். அங்கே தனியாக டைவ் செய்யவும் விடமாட்டார்கள்.

அன்று நேரே வில்லிஸ்டனுக்கு வண்டியைத் திருப்பினோம். டெவில்ஸ் டென் நிலத்துக்குள் இருக்கும் குளம், ஆறு அதைத் தொடுவதில்லை. மேலே கூரையில் ஒரு துளை, படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டும். அதிகபட்சம் 54 அடி. பனியுகத்து விலங்குகளின் எலும்புகள் அங்கே கிடைத்திருக்கின்றன.

நீர்க்காகம்:
டெவில்ஸ் டென் பார்க்க அழகு, டைவாக எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன இடம், ஒரு சுற்று வந்தால் முடிந்தது. அதே ஊரில் ப்ளூ க்ராட்டோ இருக்கிறது, ஆழம் 100 அடி. 30 அடியில் காற்று நிரப்பிய மணி போன்ற கூடு ஒன்று வைத்திருக்கிறார்கள். வாயில் இருக்கும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை நீட்டிப் பேசலாம். என் மனைவி அங்கே வைத்துத்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்டாள்.

ஒர்லாண்டோ வாத்தியார்:
மானட்டி என்ற கடற்பசுவைப் பார்க்கும் ஆசை இருந்தால் ப்ளூ ஸ்பிரிங் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த ஆற்றை அவற்றால் தாங்க முடியாது, அதனால் ஊற்றுக்கு வந்து குவிகின்றன. குளிர்காலத்தில் அங்கே மனிதர்கள் தண்ணீரில் இறங்கத் தடை. மரப்பாலத்தில் நின்று பார்ப்பதோடு சரி. நீங்கள் மார்ச் தொடக்கத்தில் போனால் டைவ் கிடைக்காது, மானட்டி கிடைக்கலாம்.

அட்லாண்டா தம்பி:
எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றிக்கொண்டேன்: வெள்ளிக்கிழமை ஜின்னி, அங்கே முதலில் எடை சரிபார்ப்பு, அப்புறம் பால்ரூம். சனிக்கிழமை ஆறு ஒழுங்காக இருந்தால் ட்ராய், இல்லையென்றால் வில்லிஸ்டன். என் நண்பன் ஞாயிறு மதியம் ஜாக்சன்வில்லிலிருந்து விமானத்தில் ஊர் திரும்புகிறான், அது பரவாயில்லையா?

டாம்பா அக்கா:
கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் விடச் சொல்வார்கள் தம்பி. சனிக்கிழமை மதியத்துக்குள் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.