ஸ்கேல் வெச்சு ஓடினா அது ஓட்டமா?

பழையகாசு: மாரியோ அண்ட் சோனிக் ஒலிம்பிக் வீடியோ கேம் ரசிகர் ஒருத்தர், "1983ல கொனாமி கம்பெனி விட்ட ட்ராக் அண்ட் ஃபீல்ட்ங்கற தடகள வீடியோ கேம்ல திறமைக்கு வேலையே இல்ல, பட்டனைக் குத்தினா போதும்"னு எழுதியிருக்கார். பத்திக்கிட்டு வருது. ஓட ரெண்டு பட்டனை வேகமா குத்தணும், தாண்ட ஒண்ணு. நீளம் தாண்டுதல்ல கோட்டை மிதிச்சா ஃபவுல். கோட்டை ஒட்டி அமுக்கி, கோணம் 45 டிகிரிகிட்ட வர்றப்ப கையை எடுக்கணும். குருட்டுக் குத்துக்கு நடக்குமா இது?

நீலமுள்ளி: எழுதினது நான்தான் அண்ணே. ஜப்பான்ல ஸ்டீல் ஸ்கேலைப் பட்டன் மேல அதிரவிட்டு, அது படபடன்னு பட்டனை அடிக்க ஓடினாங்களே, அதுவும் திறமையா?

பழையகாசு: ஸ்கேல் வேகம்தான் தரும் தம்பி. கோணம் தராது.

நீலமுள்ளி: 100 மீட்டர்ல கோணம் எங்க இருக்கு? ஸ்கேலுக்குப் பதில் சொல்லுங்க.

பழையகாசு: 110 மீட்டர் தடை ஓட்டத்துல ஸ்கேலா வந்து தாண்டும்?

மூணாம்பட்டன்: நான் நகக்காரன். கட்டைவிரலை மடக்கி, நகத்தோட முதுகால பட்டனைத் தேய்ப்பேன். சாயங்காலத்துக்குள்ள நகம் வழவழன்னு ஆயிடும், ஓரத்துல கொப்புளம். ஸ்கேல்காரங்களோட என்னைச் சேர்க்காதீங்க.

பழையகாசு: 2007ல வந்த உங்க ஆட்டத்துல வீ கேம் மெஷினோட ரிமோட்டையும், நன்சக்ங்கற இன்னொரு கைக் கருவியையும் மாத்தி மாத்தி உலுக்கறீங்களே, அது மட்டும் ஓட்டமோ?

நீலமுள்ளி: அது கை. ஸ்கேல் இல்ல.

பழையகாசு: மாரியோவும் சோனிக்கும் முதல்ல ஒண்ணா வந்தது ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்ங்கற சண்டை கேம்லன்னு போன மாசம் அடிச்சுச் சொன்ன ஆள்தானே நீங்க? பிரால் 2008 ஜனவரி. அவங்க ரெண்டு பேரோட பெய்ஜிங் ஒலிம்பிக் ஆட்டம் 2007 நவம்பர்.

மூணாம்பட்டன்: அது நான் சொன்னது. அவரில்ல.

பழையகாசு: யார் சொன்னா என்ன, தப்பு தப்புதான்.

செங்கோல்: பட்டன் என்ன பட்டன்? பொத்தான்னு எழுதுங்கய்யா.

பழையகாசு: பொத்தானும் போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதான். நடுவுல வராதீங்க. ஸ்கேல் வைக்கவே முடியாத ஆட்டம் வேணுமா? அதே 1983ல டேவிட் க்ரேன் செஞ்ச டெகாத்லான். அடாரி 2600ங்கற வீட்டு கேம் மெஷின்ல ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் ஆட்டிக்கிட்டே 1500 மீட்டர் ஓடணும். ஜாய்ஸ்டிக்கையே முறிச்ச ஆட்டம்னு அதுக்குப் பேரு.

நீலமுள்ளி: அப்ப ஸ்கேல் வெச்சா தப்புன்னு ஒத்துக்கறீங்க.

பழையகாசு: எந்த வரியில ஒத்துக்கிட்டேன்? காட்டுங்க. ஈட்டி எறிதலுக்கு வாங்க. ஈட்டியைச் செங்குத்தா விட்டா மேல பறக்கற பறவை அடிபட்டு விழும். அதை ஸ்கேலால செஞ்சு காட்டுங்க பார்ப்போம்.

நீலமுள்ளி: 100 மீட்டர். ஸ்கேல். ஆமாவா இல்லையா?

பழையகாசு: முதல்ல பறவைக்குப் பதில் சொல்லுங்க.