நாற்பது முறை செய்த ஒரே பக்கம்

முதல் பகிர்வு

தாமே செய்த சிறு படைப்புகளை அஞ்சலில் பரிமாறிக்கொள்ளும் அஞ்சல் கலையில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தாம் முதலில் அனுப்பிய அட்டையைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ, பலரும் செய்து அனுப்பும் பக்கங்களைச் சேர்த்துக் கையால் தைக்கப்படும் ஒரு தொகுப்பிதழுக்காக ஒரே பக்கத்தை நாற்பது முறை செய்த அந்த மூன்று வாரங்கள்தாம் மறக்க முடியாதவை. அழைப்பு ஓர் அஞ்சலட்டையில் வந்தது: ஏ5 அளவில் நாற்பது பிரதிகள், தையலுக்காக இடப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம், ஒவ்வொரு பிரதியிலும் கையொப்பமும் வரிசை எண்ணும். தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, அனுப்பியது திரும்பி வராது. பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் இதழ் உண்டு.

ஒரு பெரிய அழிப்பானைச் செதுக்கி, ஏழு குறுக்குக்கட்டைகள் கொண்ட ஏணி ஒன்றை முத்திரையாக்கினேன். முதல் பத்துப் பிரதிகள் வரை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மகிழ்ந்தேன். பிறகு மகிழ்ச்சி போய் வேலை மட்டும் மிஞ்சியது. பதினாறாவது பிரதியில் ரப்பர் நைந்து, மூன்றாவது கட்டை உதிர்ந்துவிட்டது. புதிதாகச் செதுக்கித் தொடக்கத்திலிருந்து மறுபடியும் செய்யலாமா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன்; உண்மையைச் சொன்னால், சோம்பலினால்தான் அப்படியே தொடர்ந்தேன். ஆகவே பதினைந்து பேருக்கு முழு ஏணியும் இருபத்தைந்து பேருக்கு ஒரு கட்டை குறைந்த ஏணியும் போய்ச் சேர்ந்தன.

1970-இல் ரிச்சர்ட் கோஸ்டலனெட்ஸும் ஹென்றி கோர்னும் தொடங்கிய ‘அசெம்ப்ளிங்’ என்ற இதழுக்குப் பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் தம் பக்கங்களை ஆயிரம் பிரதிகள் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது என்பதைப் பின்னர்தான் படித்தேன். நாற்பதுக்கே கை ஓய்ந்துபோன எனக்கு, அவர்களுக்கு அச்சு இயந்திரம் துணைக்கு இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்து மாதங்கள் கழித்து இதழ் வந்தது. ஊசியால் துளையிட்டு வரைந்த பக்கம், தட்டச்சு எழுத்துகளை அலையாக அடுக்கிய பக்கம், பழைய உறைகளின் உட்புறக் கோலங்களை மட்டும் வெட்டி ஒட்டிய பக்கம் என நாற்பது பேரின் பொறுமை ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசியில் இருந்த, பங்கேற்றவர்களின் முகவரிப் பக்கத்தைத்தான். ஜப்பானின் ரியோசுகே கோஹென் 1985 முதல் நடத்திவரும் ‘பிரெயின் செல்’ திட்டத்தில், பலரும் அனுப்பும் படங்களும் முத்திரைகளும் ஒரே ஏ3 தாளில் இடம்பெற்று நூற்றைம்பது பிரதிகளாகின்றன; அத்தாளோடு பங்கேற்றவர்களின் முகவரிப் பட்டியலும் செல்கிறது. இத்தகைய பட்டியலை வெறும் பின்னிணைப்பாக எண்ணிவிடக் கூடாது. உருகுவேயில் இராணுவ ஆட்சி 1977-இல் கிளெமெந்தே பாதின், ஹோர்ஹே கரபாயோ ஆகிய அஞ்சல் கலைஞர்களைச் சிறையிலடைத்தபோது அவர்களுக்காகக் குரல் எழுப்பியவர்களில், அஞ்சல் வழியாக மட்டுமே அவர்களை அறிந்திருந்த வெளிநாட்டுக் கலைஞர்களும் இருந்தார்கள்.

என் முகவரியையும் ஒருவர் பயன்படுத்திக்கொண்டார். இருபத்து மூன்றாம் எண் பிரதியைப் பெற்றவர் அனுப்பிய உறையில் கடிதம் ஏதும் இல்லை. அட்டை ஒன்றில் என் ஏணியைப் பார்த்து வரைந்து, மூன்றாவது கட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய மரச்சிம்பை ஒட்டியிருந்தார்.

இரண்டாம் பகிர்வு

ஏணியின் கதையைப் படித்தபோது, மேசையின் மறுபக்கத்தில் தொகுப்பாளராக அமர்ந்திருந்த என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. போலந்தின் பாவெல் பெட்டாஷ் 1977-இல் தொடங்கிய ‘காமன்பிரஸ்’ இதழை ஒவ்வொரு முறையும் வேறொருவர் தொகுத்து வெளியிட்டார். அந்த முறையைப் பின்பற்றிய ஒரு சிறு குழுவில் என் முறை வந்தபோது, முப்பது பிரதிகள் கொண்ட இதழைத் தொகுக்க ஒப்புக்கொண்டேன். தொகுப்பது என்றால் அழகியல் முடிவுகள் எடுப்பது என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் எண்ணுவதுதான் வேலை. ஒருவர் முப்பதுக்குப் பதில் இருபத்தெட்டு அனுப்பியிருந்தார், இன்னொருவரின் கட்டு மழையில் நனைந்து ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டு வந்தது. குறைந்த இரண்டு இடங்களில் வெற்றுத் தாளில் அவர் பெயரை மட்டும் எழுதிச் சேர்த்தேன். நனைந்த தாள்கட்டினை நீராவியில் காட்டிப் பிரிக்க இரண்டு நாட்கள் ஆயின.

இவற்றைவிட என்னைச் சோதித்தது, ஒழுங்காக வந்து சேர்ந்த ஒரு பக்கம். மாத இதழ் விளம்பரம் ஒன்றை அவசரமாகக் கிழித்து, முப்பது முறை ஜெராக்ஸ் எடுத்து, கையொப்பம்கூட இல்லாமல் அனுப்பியிருந்தார் ஒருவர். மற்றவர்கள் இரவு பகலாக உழைத்ததற்கு நடுவே இதையும் தைக்க வேண்டுமா என்று கோபம் வந்தது. 1984-இல் நியூயார்க்கின் ஃபிராங்க்ளின் ஃபர்னஸ் என்ற கலை அமைப்பில் நடந்த அஞ்சல் கலைக் காட்சியில், வந்தவற்றில் சில விடுபட்டதற்கு எழுந்த எதிர்ப்பை நான் அறிந்திருந்தேன். வந்ததெல்லாம் இடம்பெறும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் முன்பின் அறியாதவர்கள் தம் உழைப்பைத் திரும்பப் பெறும் எண்ணமே இல்லாமல் அனுப்புகிறார்கள். எனக்குப் பிடித்ததை மட்டும் சேர்த்தால் அது என் ரசனையின் தொகுப்பாக இருக்குமே ஒழிய, அவர்களுடைய இதழாக இருக்காது.

எல்லோரும் அனுப்பியவை மடித்தால் நான்கு பக்கமாகும் தாள்கள் என்பதால், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி முதுகில் தைத்தேன். அந்த ஜெராக்ஸ் தாள்தான் எல்லாவற்றிலும் மெல்லியது. வெளியே வைத்தால் கிழிந்துவிடும் என்று கடைசியில் அதையே நட்டநடுவில் வைக்க வேண்டியதாயிற்று. இப்போது அந்த இதழை யார் கையில் எடுத்தாலும் அது தானாகத் திறப்பது அந்த விளம்பரத்தில்தான்.