பேரியம் ஸ்வாலோ (எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் மருந்தை விழுங்கவைத்து எடுக்கும் படம்) கேட்ட சீட்டு திரும்பி வந்துவிட்டது, என்ன எழுத வேண்டும்?

பயிற்சி மருத்துவர்:
68 வயது நோயாளி. பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார். கூழாகக் கொடுத்தால் இறங்கிவிடுகிறது. "விழுங்கச் சிரமம், பேரியம் ஸ்வாலோ" என்று எழுதி ஃப்ளோரோஸ்கோபிக்கு (நகரும் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவு) அனுப்பினேன். "எதைப் பார்க்க?" என்று மட்டும் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். பேசாமல் எண்டோஸ்கோபிக்கு அனுப்பிவிடலாமா?

கதிரியக்க மருத்துவர்:
உணவுக்குழாயைப் பார்க்கும் எண்டோஸ்கோபி இதற்கு உதவாது. பேரியம் ஸ்வாலோவில் முக்கியமாகப் பார்ப்பது உணவுக்குழாயை: அடைப்பு, சுருக்கம், அசைவு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு தொண்டையில். கேட்க வேண்டியது வீடியோ ஃப்ளோரோஸ்கோபி. பக்கவாட்டில் உட்காரவைத்து, நீர்த்தது, கெட்டியானது என்று பேரியம் கலந்து ஒவ்வொரு வாயாகக் கொடுத்துப் பதிவு செய்வோம். பேச்சுப் பயிற்சியாளரும் கூட இருப்பார். தொண்டையைத் தாண்டுவதற்கு ஒரு நொடிதான் ஆகும், அதனால் நொடிக்கு 30 படம் வேண்டும். கதிர்வீச்சைக் குறைக்கிறேன் என்று படங்களைக் குறைத்தால் மூச்சுக்குழாய்க்குள் நழுவும் அந்தக் கணமே தப்பிவிடும். சிலருக்கு இருமலே இல்லாமல் உள்ளே போகும், அவர்கள்தான் கவலைக்குரியவர்கள்.

பயிற்சி மருத்துவர்:
நன்றி சார். பேரியம் நுரையீரலுக்குப் போனால்? அதற்குப் பதில் நீரில் கரையும் காஸ்ட்ரோகிராஃபின் மருந்து பாதுகாப்பானது இல்லையா?

கதிரியக்க மருத்துவர்:
ஐயோ, வேண்டாம்! அதன் அதிகச் செறிவு நீரை இழுத்து நுரையீரலில் நீர் கோக்கவைக்கும். கொஞ்சம் பேரியம் போனால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். உணவுக்குழாயில் ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் நீரில் கரையும் மருந்தை முதலில் தேடுவோம். அந்தச் சந்தேகத்தோடு புரையேறும் பயமும் சேர்ந்தால் அயோஹெக்சால் மாதிரி செறிவு குறைந்த, நீரில் கரையும் மருந்து ஒன்று.

ரேடியோகிராஃபர்:
நிமிர்ந்து உட்காருவாரா, சொன்னதைப் புரிந்துகொள்வாரா என்று சீட்டில் எழுதுங்கள். பாதி நேரம் அதிலேயே போகிறது. வயிற்று சிடி ஏதும் இருந்தால் அது முதலில் முடியட்டும். குடலில் பேரியம் தங்கினால் சிடி படம் முழுக்கக் கோடு கோடாக வரும்.

பேச்சுப் பயிற்சியாளர்:
தேதி கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள் டாக்டர். படுக்கையருகே விழுங்கும் பரிசோதனையை இன்றே கேளுங்கள். அதுவரை வாய்வழியாகத் தண்ணீர் வேண்டாம்.

பயிற்சி மருத்துவர்:
சரி, இப்படி எழுதியிருக்கிறேன்: "பக்கவாதத்துக்குப் பின் நீர்த்ததற்கு இருமல். புரையேறுகிறதா, எந்தப் பதத்தில், தலையைக் குனிந்து விழுங்கினால் குறைகிறதா? பிடித்துக்கொண்டால் உட்காருவார், சொன்னால் புரியும்." சிடி வெள்ளிக்கிழமை, அதற்கு அப்புறம் தேதி கேட்கிறேன்.

கதிரியக்க மருத்துவர்:
இது போதும். மூக்குக் குழாய் போட்டிருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.